ஒரே கிளப், ஐந்து போட்டிகள்: புரிராம் யுனைடெட்டின் சீசனை எப்படிப் பார்ப்பது?

ஐரோப்பியக் கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் ஆசியப் பக்கம் திரும்பும்போது முதலில் குழம்புவது ஆட்டத்தில் இல்லை, அட்டவணையில்தான். புரிராம் யுனைடெட் என்ற தாய்லாந்து கிளப்பை எடுத்துக்கொள்வோம். 2024-25 சீசனில் இந்த ஒரே பெயரை ஐந்து போட்டிகளில் பார்க்கலாம்: தாய் லீக் 1, தாய் எஃப்.ஏ. கோப்பை, தாய் லீக் கோப்பை, ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப், ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலைட். சனிக்கிழமை ஒரு சின்ன ஊர் அணியோடு ஆடுகிறார்கள், செவ்வாய்க்கிழமை ஜப்பானில் இருக்கிறார்கள், அடுத்த வாரம் வியட்நாம். எது எதோடு சேரும், எதில் தோற்றால் வெளியே, எதில் தோற்றாலும் பரவாயில்லை என்று தெரியாமல் ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

அந்த சீசனில் புரிராம் இந்த ஐந்தில் நான்கை வென்றது. ஐந்தாவதில் காலிறுதி வரை போய் சவூதியின் அல்-அஹ்லியிடம் 3-0 என்று தோற்றது. வெளிநாட்டுச் செய்திகளில் அதிகம் வந்தது அந்தக் கடைசி ஸ்கோர்தான். எனக்கு அது ரொம்ப அநியாயமாகப் படுகிறது, ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். முதலில் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம்.

புரிராம் என்பது தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் என்று அழைக்கப்படும் பகுதியில், கம்போடிய எல்லையை ஒட்டி இருக்கும் ஒரு மாகாணம். பாங்காக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். நெல் விளையும் பூமி, பணக்கார மாகாணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே ஒரு பெரிய கிளப் வந்ததற்குக் காரணம் நெவின் சிட்சோப் என்ற உள்ளூர் அரசியல்வாதி. மாகாண மின்வாரியத்தின் அணி ஒன்று இருந்தது, 2008-இல் லீக் பட்டமும் வென்ற அணி அது. அதை அவர் எடுத்து 2010-இல் புரிராமுக்குக் கொண்டுவந்தார். 2011-இல் சொந்த மைதானம் கட்டினார்கள், இன்று அதற்குப் பெயர் சாங் அரீனா, 32,000-க்கும் மேல் இருக்கைகள். அந்த வருடமே லீக், எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் தூக்கினார்கள். 2012-இல் புரிராம் யுனைடெட் என்று பெயர் மாறியது. பக்கத்திலேயே கார், பைக் பந்தயத் தடம் ஒன்றையும் கட்டினார்கள், 2018-லிருந்து மோட்டோ ஜிபி அங்கேதான் வருகிறது. கிளப்பின் சின்னத்தில் இருப்பது பனோம் ருங், அணைந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில் கெமர் அரசர்கள் காலத்தில் கட்டிய சிவன் கோயில். ரசிகர்கள் அணியை 'இடிக் கோட்டை' என்ற பொருள்படும் பெயரில் கூப்பிடுவார்கள்.

சரி, போட்டிகளுக்கு வருவோம்.

அடித்தளம் லீக். தாய் லீக் 1-இல் 16 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 15 அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று மொத்தம் 30 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கடைசியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர் சாம்பியன், ஐபிஎல் மாதிரி முதல் நான்கு அணிகளுக்குத் தனியாக பிளே-ஆஃப் எல்லாம் கிடையாது. கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். முன்பெல்லாம் சீசன் ஒரே ஆண்டுக்குள் முடிந்துவிடும், கொரோனா வந்து 2020 சீசனைப் பாதியில் நிறுத்திய பிறகு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு ஏப்ரல், மே வரை போகும்படி மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் 2024-25 என்று இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதுகிறோம்.

இரண்டு அணிகள் சம புள்ளியில் முடித்தால்? ஐரோப்பாவில் பல லீக்குகளில் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். தாய்லாந்தில் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவை முதலில் பார்ப்பார்கள். இது ஏதோ விதிப்புத்தகத்தின் மூலையில் கிடக்கும் வரி இல்லை, 2019-இல் புரிராம் ஒரு பட்டத்தையே இதனால் இழந்தது. கடைசி நாள் புரிராம் முதலிடத்தில் இருக்கிறது, எதிரணி ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்ட சியாங்மாய். ஜெயித்தால் பட்டம். ஆட்டம் 1-1 டிரா. அதே நேரத்தில் சியாங்ராய் யுனைடெட் சுபான்புரியில் 5-2 என்று ஜெயிக்கிறது. இரண்டு அணிக்கும் 58 புள்ளி. கோல் வித்தியாசம் பார்த்திருந்தால் புரிராம் சாம்பியன், நேருக்கு நேர் கணக்கில் சியாங்ராய் சாம்பியன். 30 ஆட்டம் ஆடி, பல மாதங்களுக்கு முன்பு முடிந்துபோன இரண்டு ஆட்டங்களால் பட்டம் கைமாறியது. அதனால் தாய் லீக்கில் மேலே இருக்கும் இரண்டு அணிகள் மோதும்போது அது வெறும் 3 புள்ளி ஆட்டம் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021-22-லிருந்து 2024-25 வரை தொடர்ந்து நான்கு முறை புரிராம்தான் லீக் சாம்பியன். கடைசி மூன்று முறையும் இரண்டாம் இடம் பாங்காக் யுனைடெட்டுக்கு. அந்த அணியின் ரசிகர்களை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது உள்ளூர்க் கோப்பைகள் இரண்டு. இரண்டுமே நாக்-அவுட், தோற்றால் வெளியே. எஃப்.ஏ. கோப்பையில் கீழ்ப் பிரிவு அணிகள், பெயரே கேள்விப்படாத ஊர் அணிகள் எல்லாம் கலந்துகொள்ளலாம். 2023-24-இல் கீழ்ப் பிரிவிலிருந்து வந்த காஞ்சனபுரி அணி ஒன்று இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது, பாங்காக் யுனைடெட்டிடம்தான் நின்றது. லீக் கோப்பையும் வடிவத்தில் ஏறக்குறைய இதே மாதிரிதான். பெரிய வித்தியாசம் பரிசில் இருக்கிறது. எஃப்.ஏ. கோப்பையை வென்றால் ஆசியப் போட்டிக்கு வாசல் திறக்கும், லீக் கோப்பையை வென்றால் கோப்பையும் பணமும் மட்டும்தான். அதனால் பெரிய கிளப்புகள் லீக் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளில் பெஞ்சில் இருக்கும் பையன்களை இறக்கிவிடும். இதைத் தெரியாமல், 'என்ன இது, இவ்வளவு பெரிய அணி இந்த அணியோடு திணறுகிறதே' என்று ஸ்கோரை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது, முதலில் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். 2024-25-இல் புரிராம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் முவாங்தோங் யுனைடெட்டையும், லீக் கோப்பை இறுதியில் லம்பூன் வாரியர்ஸையும் வென்றது.

இப்போது ஆசியா. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் முக்கியமான விஷயம் இங்கேதான்: இந்த சீசனில் ஒரு கிளப் ஆடும் ஆசியப் போட்டி போன சீசனில் சம்பாதித்தது. 2024-25-இல் புரிராம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலைட் ஆடியது 2023-24 லீக்கை வென்றதால். 2024-25-இல் வென்ற லீக் அதற்கு 2025-26-க்கான இடத்தைத் தரும். ஆக, எந்த நேரத்திலும் கிளப் ஒரு பக்கம் போன வருட உழைப்பின் பலனை ஆடிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் அடுத்த வருடத்துக்கான இடத்துக்குப் போராடிக்கொண்டிருக்கும். இடையில் ஆள் மாறியிருப்பார்கள், பயிற்சியாளர் மாறியிருப்பார், ஆசியாவுக்குத் தகுதி வாங்கிக் கொடுத்த ஆட்டக்காரர் வேறு அணிக்கே போயிருப்பார். அதெல்லாம் சகஜம்.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2024-25-லிருந்து கிளப் போட்டிகளை மூன்று அடுக்காக மாற்றியது. உச்சியில் சாம்பியன்ஸ் லீக் எலைட், அந்த சீசனில் 24 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஸ் லீக் டூ, 32 அணிகள். கடைசியில் சேலஞ்ச் லீக். எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை அந்த நாட்டுக் கிளப்புகள் கடந்த சில ஆண்டுகளில் ஆசியாவில் எப்படி ஆடின என்ற தரவரிசை முடிவு செய்யும். தாய்லாந்துக்கு அந்த முறை எலைட்டில் ஒரு நேரடி இடம், தகுதிச் சுற்றில் ஒரு இடம், டூவில் ஒரு இடம். நேரடி இடம் புரிராமுக்கு. இரண்டாம் இடம் பிடித்த பாங்காக் யுனைடெட் தகுதிச் சுற்றில் சீனாவின் ஷாண்டோங் தைஷானிடம் பெனால்டியில் தோற்று, டூவுக்கு இறங்கியது. எஃப்.ஏ. கோப்பைக்கான இடம் யாருக்கு? கோப்பையை வென்றதும் அதே பாங்காக் யுனைடெட்தான், அவர்களுக்கு ஏற்கெனவே இடம் இருந்ததால் அது லீக்கில் அடுத்ததாக இருந்த போர்ட் அணிக்குப் போனது. லீக்கில் மூன்றாம் இடத்துக்கு வருபவர்கள் கோப்பை இறுதி ஆட்டத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

எலைட்டில் 12 அணிகள் கிழக்கு, 12 அணிகள் மேற்கு என்று இரண்டு பட்டியல். புரிராம் கிழக்கில்: ஜப்பான், தென் கொரியா, சீனா, ஆஸ்திரேலியா, மலேசியா அணிகளோடு. ஒவ்வொரு அணியும் மற்ற 11 பேரோடும் ஆடாது, குலுக்கலில் வரும் 8 ஆட்டங்கள் மட்டும், நான்கு சொந்த ஊரில், நான்கு வெளியே. 12 பேரில் முதல் 8 பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

இந்த மாற்றம் புரிராம் மாதிரி அணிக்கு என்ன செய்தது என்று கவனியுங்கள். பழைய முறையில் நான்கு அணி கொண்ட குரூப், ஆறு ஆட்டம், முதலிடம் வந்தால்தான் நிம்மதி, இரண்டாமிடம் என்றால் மற்ற குரூப்புகளின் கணக்கைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2023-24-இல் புரிராம் அந்த முறையில் குரூப்பைத் தாண்டவில்லை, முதலிடம் வந்தது ஜப்பானின் இரண்டாம் பிரிவு அணியான வென்ட்ஃபோரெட் கோஃபு. ஒரே ஒரு மோசமான இரவு போதும், கதை முடிந்தது. புது முறையில் ஒரு பெரிய தோல்வியைத் தாங்கிக்கொள்ள இடமிருக்கிறது. யோகோஹாமா எஃப். மாரினோஸ் மைதானத்தில் புரிராம் 5-0 என்று நொறுங்கியது. அணியின் மூத்த ஆட்டக்காரர் தீராதோன் புன்மதன் 2019-இல் ஜப்பான் லீக் பட்டம் வென்றது இதே யோகோஹாமாவுக்காகத்தான், அதையும் சேர்த்து யோசித்தால் அந்த ஐந்து கோல் எப்படி வலித்திருக்கும் என்று புரியும். ஆனாலும் சீசன் அங்கே முடியவில்லை. கிடைத்த வெற்றிகளையும் டிராக்களையும் சேர்த்துக் கிழக்கில் ஆறாவது இடம் பிடித்து உள்ளே வந்துவிட்டார்கள்.

16 அணிகள் சுற்றில் இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒன்று சொந்த ஊரில். பட்டியலில் 3-வது அணி 6-வது அணியோடு மோத வேண்டும், மூன்றாவதாக இருந்தது மலேசியாவின் ஜோகூர் தாருல் தாக்சிம். பட்டியலில் மேலே இருப்பவருக்கு இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில் கிடைக்கும், அது ஒரு பெரிய சலுகை. ஜோகூர் என்றால் 2014-லிருந்து ஒரு முறை கூட விடாமல் மலேசிய லீக்கை வென்றுவரும் அணி. 2025 மார்ச்சில் புரிராமில் முதல் ஆட்டம் 0-0. சொந்த ஊரில் ஜெயிக்காமல் ஜோகூருக்குப் போவது என்றால் பெரும்பாலோர் கதை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். அங்கே போய் 1-0 என்று ஜெயித்துத் திரும்பினார்கள். இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல் கூட விடவில்லை.

இந்த 180 நிமிடங்களைத்தான் நான் அந்த சீசனின் சிறந்த வேலை என்று சொல்வேன். கோல் மழை இல்லை, ஹைலைட்ஸில் காட்ட அதிகம் இல்லை. ஆனால் வேறொரு நாட்டில், சொந்த மண்ணில் அடக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய அணிக்கு எதிராக, ஒரு கோலை வைத்துக்கொண்டு கடைசி விசில் வரை தாக்குப்பிடிப்பது சாதாரண விஷயமில்லை. 2013-க்குப் பிறகு புரிராம் ஆசியாவின் உச்சப் போட்டியில் காலிறுதிக்கு வந்தது அப்போதுதான்.

காலிறுதியிலிருந்து விதி மறுபடி மாறும். சொந்த ஊர், வெளியூர் எல்லாம் முடிந்தது. கிழக்கில் நான்கு, மேற்கில் நான்கு, எட்டு அணிகளும் ஒரே நகரத்துக்கு வர வேண்டும், ஒவ்வொரு சுற்றும் ஒரே ஆட்டம். அந்த நகரம் சவூதி அரேபியாவின் ஜித்தா. புரிராமுக்கு எதிராக வந்தது அல்-அஹ்லி, அதாவது ஜித்தாவிலேயே இருக்கும் கிளப். ரியாத் மஹ்ரெஸ், ராபர்ட்டோ ஃபிர்மினோ மாதிரி இங்கிலாந்தில் பட்டம் வென்றவர்கள் அப்போது ஆடிய அணி, அவர்களுடைய சொந்த ஊரில், அவர்களுடைய ரசிகர்கள் முன்னால். அதே சுற்றில் தென் கொரியாவின் குவாங்ஜு சவூதியின் அல்-ஹிலாலிடம் 7-0 என்று தோற்றது, யோகோஹாமா இன்னொரு சவூதி அணியான அல்-நாசரிடம் 4-1. கிழக்கிலிருந்து தப்பியது ஜப்பானின் கவாசாகி ஃப்ரோன்டாலே மட்டும், அவர்களையும் இறுதியில் அதே அல்-அஹ்லிதான் 2-0 என்று வென்று கோப்பையை எடுத்தது. இந்தப் பின்னணியில் 3-0 என்பதைப் பாருங்கள். ஆசிய சாம்பியனிடம், சாம்பியனின் ஊரில் தோற்றிருக்கிறார்கள். இதை வைத்து 'தாய்லாந்து கால்பந்து அவ்வளவுதான்' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். அந்த சீசனில் தாய் லீக் சாம்பியனுக்குப் பரிசு 1 கோடி பாட், சுமார் 3 லட்சம் டாலர். எலைட்டில் முதல் கட்டத்தில் கலந்துகொள்வதற்கே 8 லட்சம் டாலர், ஒவ்வொரு வெற்றிக்கும் தனியாக ஒரு தொகை, கோப்பை வென்றால் 1 கோடி டாலர். அதாவது 30 ஆட்டம் ஆடி லீக்கை வெல்வதன் உண்மையான மதிப்பு லீக்கின் பரிசுப் பணத்தில் இல்லை, அது திறந்துவிடும் கதவில் இருக்கிறது. பிறகு அந்தப் பணத்தில் இன்னும் நல்ல ஆட்டக்காரர்களை வாங்கி அடுத்த வருடமும் லீக்கை வெல்லலாம். தொடர்ந்து நான்கு பட்டம் எப்படி வந்தது என்பதில் இதற்கும் பங்கு உண்டு. தாய் லீக்குக்கு இது நல்லதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். எல்லா உள்ளூர்க் கோப்பையும் ஒரே ஊருக்குப் போனால் மற்ற 15 ஊர்க்காரர்கள் எதை நம்பி டிக்கெட் வாங்குவார்கள்? புரிராம் செய்வதை நன்றாகச் செய்கிறது, அதை மற்ற அணிகளும் எட்டிப்பிடிக்க வழி செய்வது லீக்கின் பொறுப்பு.

ஐந்தாவது போட்டிக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கிளப்புகளுக்கு மட்டும். இது ஆசியக் கூட்டமைப்பின் மூன்று அடுக்கில் சேராது, வட்டார அமைப்பு தனியாக நடத்துவது. இந்திய ரசிகர்களுக்கு இதில் ஒரு பழைய சொந்தம் உண்டு. 2003-இல் ஜகார்த்தாவில் இது முதல்முறை நடந்தபோது அழைப்பின் பேரில் போன கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது, இறுதியில் அவர்கள் 3-1 என்று தோற்கடித்தது பிஇசி தேரோ சாசனா என்ற தாய்லாந்து கிளப்பை. 2005-க்குப் பிறகு போட்டி நின்றுபோய், 2024-25-இல்தான் ஷோப்பி கோப்பை என்ற ஸ்பான்சர் பெயரோடு மறுபடி உயிர்பெற்றது.

அந்த முறை அமைப்பு எளிது. ஆறு ஆறு அணிகளாக இரண்டு குரூப், ஆளுக்கு ஐந்து ஆட்டம், ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு பேர் அரையிறுதிக்கு. அரையிறுதியும் இறுதியும் இரண்டிரண்டு ஆட்டங்கள். அரையிறுதியில் புரிராம் இன்னொரு தாய்லாந்து அணியான பிஜி பாத்தும் யுனைடெட்டைத் தாண்டியது. இறுதியில் எதிரே வந்தது வியட்நாமின் கோங் ஆன் ஹனோய், அந்த நாட்டுக் காவல்துறையின் கிளப், குரூப்பிலும் புரிராமோடு இருந்த அணி.

மே 14 அன்று ஹனோயில் முதல் ஆட்டம், 2-2. ஒரு வாரம் கழித்து புரிராமில் இரண்டாவது. 90 நிமிடம் முடிந்தும் சமம், கூடுதல் நேரம், அதுவும் முடிந்தபோது 3-3. இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-5. பழைய விதி ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், மொத்தம் சமமாக இருந்தால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கு வெற்றி என்பது. அந்த விதிப்படி பார்த்தால் ஹனோய் அணி புரிராமில் 3 அடித்திருக்கிறது, புரிராம் ஹனோயில் 2-தான் அடித்தது, கோப்பை வியட்நாமுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த விதியை உலகம் முழுக்கக் கைவிட்டுக்கொண்டு வருகிறார்கள், இந்தப் போட்டியிலும் அது இல்லை. அதனால் பெனால்டி. புரிராம் 3-2 என்று வென்றது. கோல்கீப்பராக நின்றது நீல் எத்தரிட்ஜ், இங்கிலாந்தில் பிறந்து பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு ஆடுபவர். பிரீமியர் லீக்கில் கார்டிஃப் அணிக்காக நின்ற கை அது.

எத்தரிட்ஜ் பெயரைச் சொன்னதும் இன்னொரு விஷயத்தையும் பேசியாக வேண்டும், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். தாய் லீக்கில் வெளிநாட்டவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு, அதே சமயம் தென்கிழக்கு ஆசிய நாட்டவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. அதனால்தான் பிலிப்பைன்ஸ், மலேசியா நாட்டு ஆட்டக்காரர்களுக்கு, முக்கியமாக ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்து அந்த நாடுகளுக்கு ஆடுபவர்களுக்கு, தாய்லாந்தில் நல்ல கிராக்கி. புரிராமில் பெல்ஜியத்தில் வளர்ந்த மலேசியத் தடுப்பாட்டக்காரர் டியான் கூல்ஸும் இருந்தார். ஆனால் ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலைட்டில் 2024-25-லிருந்து வெளிநாட்டவர் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள், பதினொரு பேரும் வெளிநாட்டவர்களாக இருந்தாலும் கேள்வி இல்லை. ஆகவே பயிற்சியாளருக்கு ஒரே அணியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று விதமான பதினொருவர் தேவைப்படுகிறார்கள். லீக்கில் பெஞ்சில் கூட உட்கார முடியாத ஒரு பிரேசில்காரர் ஆசிய ஆட்டத்தில் முதல் நிமிடத்திலிருந்து ஆடலாம். லீக்கில் வாராவாரம் ஆடும் உள்ளூர்ப் பையன் ஆசிய ஆட்டத்தில் வெளியே உட்காரலாம். இரண்டு போட்டியின் அணிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு கிளப் எவ்வளவு ஆழமாகத் திட்டமிடுகிறது என்று தெரியும். அந்த சீசனில் புரிராமின் பயிற்சியாளர் பிரேசில்காரர் ஓஸ்மார் லாஸ், முன்வரிசையில் கோல்களுக்கு நம்பியிருந்ததும் ஒரு பிரேசில்காரரை, கில்ஹெர்மே பிஸ்ஸோலி.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். லீக் 30. எலைட்டில் 8-உம், ஜோகூரோடு 2-உம், ஜித்தாவில் 1-உம், ஆக 11. ஆசியான் போட்டியில் 5-உம், அரையிறுதி, இறுதி நான்குமாக 9. இதுவே 50. அதற்கு மேல் இரண்டு உள்ளூர்க் கோப்பைகளிலும் இறுதி வரை. கிட்டத்தட்ட 60 ஆட்டம். இதற்கு நடுவே டிசம்பரிலும் ஜனவரியிலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான போட்டி வேறு, ஃபிஃபா ஒதுக்கிய நாட்களில் அது வருவதில்லை என்பதால் ஆட்களை அனுப்பியே ஆக வேண்டிய கட்டாயம் கிளப்புக்கு இல்லை, ஆனால் நாடு கேட்கும்போது முடியாது என்று சொல்வதும் லேசில்லை. புரிராமின் இளம் விங்கர் சுபனத் முவந்தா அந்தப் போட்டியில் தாய்லாந்துக்காக ஆடியவர், இறுதியில் வியட்நாமிடம் தோற்றார்கள்.

இத்தனை ஆட்டத்தை எங்கே செருகுவது? லீக் ஆட்டங்களைத் தள்ளிவைப்பார்கள். இதனால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல். பிப்ரவரியில் புள்ளிப் பட்டியலைத் திறந்தால் புரிராம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ தெரியலாம், ஆனால் மற்றவர்களை விட இரண்டு ஆட்டம் குறைவாக ஆடியிருப்பார்கள். அதனால் புள்ளியைப் பார்க்கும் முன்பு எத்தனை ஆட்டம் என்ற கட்டத்தைப் பாருங்கள், பிறகு அந்த மிச்ச ஆட்டங்கள் யாரோடு என்று பாருங்கள். அப்புறம், ஆசிய ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னும் பின்னும் வரும் லீக் ஆட்டங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டம் நழுவுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான், பெரிய அணிகளோடு மோதும்போது இல்லை.

ஆசியாவின் உச்சக் கோப்பையைத் தாய்லாந்து கிளப் எதுவும் வென்றதே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். தாய் ஃபார்மர்ஸ் பேங்க் என்ற வங்கியின் அணி 1990-களின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு முறை ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பை வென்றது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2000-இல் வங்கி அந்த அணியைக் கலைத்துவிட்டது. இரண்டு முறை ஆசிய சாம்பியன், இன்று ஒரு அணியாகவே இல்லை. ஒரு ஊரோடும் அதன் மைதானத்தோடும் வேர்விட்ட புரிராமை நான் மதிப்பதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஜித்தா ஆட்டத்தைச் சொல்ல மாட்டேன். 2025 மே 21, சாங் அரீனா, கோங் ஆன் ஹனோயோடு இரண்டாவது ஆட்டம். ஹைலைட்ஸ் வேண்டாம், முழு ஆட்டமும் கூடுதல் நேரமும் பெனால்டியும் சேர்த்துப் பாருங்கள். அது பிடித்திருந்தால் அடுத்தது ஜோகூரில் நடந்த அந்த 1-0.